மைக்க திட்டுறதுக்கு முன்னாடி பொட்டிய பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு அன்பர் எழுதியிருந்தாரு. அவங்க ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போட்டாங்களாம், ராத்திரி பூரா மைக் கொரகொரன்னு இரைஞ்சுச்சாம், ராஜபார்ட் பாட்ட எடுக்குற நேரத்துல பாதி வார்த்தை காத்தோட போயிருச்சாம், மைக்செட்காரங்க எல்லாம் மட்டமான மைக்க வாங்கி வச்சுக்கிட்டு ஊர ஏமாத்துறாங்கன்னு முடிச்சிருந்தாரு. அந்த ஊருக்கு செட் போட்டது நான் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா அத படிச்சதுல இருந்து ஒரே உறுத்தல், ஏன்னா நாலு வருசத்துக்கு முன்னாடி அதே கொரகொரப்ப என் செட்டும் குடுத்துச்சு, நானும் மைக்கத்தான் திட்டுனேன், புதுசா ரெண்டு மைக்கும் வாங்குனேன், அப்பறமும் கொரகொரன்னுச்சு. தப்பு மைக்ல இல்ல சார், ரிசீவர் (வயர் இல்லாத மைக் அனுப்புற அலைய வாங்குற கருவி) இருந்த பொட்டியில. கொஞ்சம் பெரிய கடிதமா போகும், இடம் இருந்தா போடுங்க, இல்லன்னா வெட்டிப் போடுங்க, ஆனா அளவு சொல்லியிருக்குற இடத்த மட்டும் வெட்டிடாதீங்க.

எங்க அப்பா காலத்துல இருந்தே புதுக்கோட்டை பக்கம் மைக்செட் தொழில். அப்பா கொழா ரேடியோ கட்டுன ஆளு, மேடையில நடுவுல ஒரு ஸ்டாண்டு மைக், நடிகருங்க எல்லாம் அது கிட்ட வந்து நின்னுதான் பாடணும் பேசணும். இப்ப அப்படி இல்ல, ராஜபார்ட்டுக்கு ஒரு காலர் மைக், ஸ்திரீபார்ட்டுக்கு ஒண்ணு, பபூனுக்கு ஒண்ணு, டான்ஸுக்கு வர்ற அக்காவுக்கு ஒண்ணுன்னு கேக்குறாங்க, ஓடி ஆடி நடிக்கணும்ல. ஆர்மோனியம் மிருதங்கம் ஆல்ரவுண்டு (மத்த தாளக் கருவிங்க) இதுக்கு எல்லாம் வயர் மைக்கே போதும். ஆக நாலு வயர்லெஸ். பெரிய ரேக்ல மாட்டுற ரிசீவர் வாங்க வசதி இல்ல, கல்யாண வீடியோ எடுக்குறவங்க கேமரா மேல மாட்டுவாங்களே உள்ளங்கை அளவு பாக்கெட் ரிசீவர், ரெண்டு பென்சில் செல்லுல ஓடுறது, அதுல நாலு, செகண்ட் ஹேண்டுல சேத்தேன். செட் நல்ல செட்டுதான், ஜெர்மன்காரன் சரக்கு. ஆனா நாலு ரிசீவர மிக்சர் (எல்லா மைக் சத்தத்தையும் ஒண்ணா சேக்குற மெஷின்) மேல வரிசையா கெடத்தி வச்சா ஒண்ணு உருளும், ஒண்ணு மேல யாராவது டீ கிளாஸ வைப்பாங்க, பின்னு கழண்டுரும், விடியக்காலம் மூணு மணிக்கு செல்லு போயிரும். சரி ஒரு பொட்டி கட்டிருவோம்னு கெளம்புனேன்.

முதல் பொட்டிதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். கடைங்களுக்கு போர்டு அடிக்குறாங்கள்ல, ஏசிபி ஷீட்டு, பளபளன்னு இருக்கும், வெயிட்டும் இல்ல, தண்ணியும் ஏறாது. அது பிளாஸ்டிக்குன்னு நெனச்சுட்டேன். போர்டு வேலை பாக்குற தம்பி ஒருத்தர் அழகா மடிச்சு ரிவெட் அடிச்சு, சுத்தி அலுமினிய ஆங்கிள் குடுத்து, பட்டர்ஃப்ளை லாக்கு, ஓரத்துல பந்து கார்னர், எல்லாம் வச்சு குடுத்தாரு, நாலாயிரம் ரூவா. பாத்தா ஃபாரின் சாமான் மாதிரி இருக்கும். குடோன்ல மூடிய தெறந்து வச்சு டெஸ்ட் பண்ணேன், நூறடி தாண்டி தெரு முக்கு வரைக்கும் எடுத்துச்சு. அன்னிக்கு ராத்திரி நாடகத்துல தூசி விழுதேன்னு மூடிய மூடுனேன் பாருங்க, பபூன் மேடைக்கு அந்தப் பக்கம் போனா பேச்சு வரல, இந்தப் பக்கம் வந்தா வருது. அவரு விடுவாரா, அதையே காமெடி ஆக்கிட்டாரு, இங்க நின்னா எனக்கு பேச்சு வரும் அங்க போனா நான் ஊமைன்னு அங்கயும் இங்கயும் தாவி காட்டுறாரு, சனம் சிரிக்குது, எனக்கு மிக்சருக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாமான்னு இருந்துச்சு.

அந்த ஏசிபி ஷீட்ட ஒரு துண்டு ஒடச்சுப் பாத்தா நடுவுலதான் பிளாஸ்டிக், ரெண்டு பக்கமும் மெல்லிசா அலுமினியத் தகடு. சுத்திலும் தகடு இருந்தா ரேடியோ அலை உள்ள வராது. லண்டன்ல மைக்கேல் ஃபாரடே 1836லயே ஆள் நிக்குற அளவுக்கு ஒரு கூண்டு கட்டி, உலோகத் தகட்ட சுத்தி ஒட்டி, வெளியில இருக்குற மின்சாரம் உள்ள தெரியாதுன்னு காமிச்சுட்டாரு. அத நான் நாலாயிரம் ரூவா செலவழிச்சு புதுக்கோட்டையில திருப்பி கண்டுபிடிச்சேன். மூடி சந்து, வயர் ஓட்டை வழியா கொஞ்சம் அலை கசிஞ்சு வந்ததாலதான் பபூன் ஒரு பக்கம் நின்னா மட்டும் எடுத்துருக்கு.

இத எதுக்கு இவ்வளவு விளக்குறேன்னா இன்னிக்கும் எங்க தொழில்ல பாதி பேரு ரிசீவர தகரப் பொட்டியிலயோ அலுமினிய ஃபிளைட் கேஸுலயோ (சாமான் கொண்டு போற கெட்டிப் பொட்டி) போட்டு, முன் கதவு பின் கதவு ரெண்டையும் சாத்திட்டு, ஆன்டெனாவும் உள்ளயே நிக்க, மைக் சரியில்லைன்னு புலம்புறாங்க. பெரிய ரேக் ரிசீவர்னா ஆன்டெனாவ கழட்டி பிஎன்சின்னு சொல்ற ஆன்டெனா வயர் போட்டு வெளிய கொண்டாந்துரலாம், அப்ப பொட்டி இரும்பா இருந்தாலும் பாதகமில்ல (அந்த வயரும் 50 ஓம் வயரா இருக்கணும், வீட்டு டிவிக்கு வர்ற கேபிள் 75 ஓம், கையில கெடச்சத சொருகாதீங்க). பாக்கெட் ரிசீவர்ல ஆன்டெனா கழட்ட முடியாது, அதுவா பாத்து வாங்குற அலைதான், அதனால பொட்டியே அலைய விடுற சாமானா இருக்கணும். மரம், பிளைவுட், அக்ரிலிக், சாதா பிளாஸ்டிக் எல்லாம் ஓகே. அமெரிக்காவுல 1976ல ஆரம்பிச்ச பெலிக்கன் கம்பெனி பொட்டி மாதிரி கெட்டி பிளாஸ்டிக் பொட்டியும் ஓகேதான், தண்ணியில முங்குனாலும் உள்ள ஏறாது, ஆனா அதெல்லாம் சாமான பத்தரமா கொண்டு போக, நமக்கு வேணுங்கறது மூடி சாத்துன மேனிக்கே ராத்திரி பூரா வேலை பாக்குற பொட்டி. மூச்சு விடுற மாதிரி இருக்கணும்.

ரெண்டாவது பொட்டிய எங்க தெரு ஆசாரி அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவரு கதவு ஜன்னல் செய்யுறவரு, முதல்ல சிரிச்சாரு, ஏப்பா ரேடியோவுக்கு நான் தொட்டில் கட்டணுமான்னாரு. அப்பறம் அளவு சொல்லச் சொல்ல அவருக்கே ஆர்வமாயி, யாரு வீட்டு கப்போர்டு வேலையிலயோ மிஞ்சுன 9 எம்எம் பிளைவுட்டுலயே செஞ்சு குடுத்தாரு, கூலி மட்டும்தான் வாங்குனாரு. மூலை எல்லாம் மர ரீப்பர் வச்சு ஃபெவிகால் போட்டு இறுக்கி, ஆணி ரொம்ப கம்மி. வெளிய ரெண்டு கோட்டு வார்னிஷ், இது அழகுக்கு இல்ல, பிளைவுட் ஈரம் குடிச்சா ஊதிக்கும், ஈர மரம் அலையையும் கொஞ்சம் திங்கும்.

இப்ப அளவு. இத யாரும் கண் மதிப்புல போடாதீங்க, கணக்கு இருக்கு. என் செட்டு எல்லாம் 600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுது. 300ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா அலையோட நீளம் மீட்டர்ல வந்துரும், 300 வகுத்தல் 600, அரை மீட்டர், அதாவது 50 சென்டிமீட்டர். அதுல கால்வாசி பன்னண்டரை சென்டிமீட்டர், ரிசீவர் மேல நீட்டிட்டு நிக்குற ஆன்டெனா குச்சி ஏறக்குறைய அந்த நீளம்தான் இருக்கும், அளந்து பாருங்க. பக்கத்து பக்கத்து ஆன்டெனாவுக்கு நடுவுலயும் அந்த கால் அலை தூரமாவது விட்டா ஒண்ண ஒண்ணு கெடுக்காது. அதனால நாலு ரிசீவரோட குச்சிக்கும் நடுவுல 13 சென்டிமீட்டர் விட்டேன், மூணு இடைவெளி 39, ரெண்டு ஓரத்துலயும் எட்டரை எட்டரை, ஆக உள் அகலம் 56. ஆழம் 15. உயரம் ரெண்டு மாடி, மேல் மாடி 23 சென்டிமீட்டர் (ரிசீவர் எட்டு, குச்சி பன்னண்டு, தலைக்கு மேல மூணு), கீழ் மாடி 12, அதுல பேட்டரியும் வயருங்களும். ரிசீவர படுக்க வச்சு அடுக்குனா பொட்டி பாதி உயரத்துல முடிஞ்சிருக்கும், பாக்கவும் அழகா இருக்கும், ஆனா நடிகர் இடுப்புல ட்ரான்ஸ்மிட்டர் (மைக் சத்தத்த அலையா அனுப்புற கருவி) குச்சி செங்குத்தா நிக்குறப்ப நம்ம குச்சியும் செங்குத்தா நின்னாதான் நல்லா வாங்கும். அதனால நாலும் போலீஸ் மாதிரி அட்டென்ஷன்ல நிக்கும்.

இன்னொண்ணு, இது எனக்கே ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. பெரிய ரிசீவர்ல ரெண்டு ஆன்டெனா இருக்கும், எதுல அலை நல்லா வருதோ அத மாத்தி மாத்தி எடுத்துக்கும், டைவர்சிட்டின்னு போட்டிருப்பான். பாக்கெட் ரிசீவர்ல ஒரு குச்சிதான இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன். என்கிட்ட இருக்குற மாடல்ல அவுட்புட் வயரோட ஷீல்டுதான் (உள் கம்பிய சுத்தியிருக்குற கம்பிப் பின்னல்) ரெண்டாவது ஆன்டெனாவாம்! மேனுவல்ல பொடி எழுத்துல இருக்கு, யாரு படிக்குறா. நான் என்ன பண்ணேன், வயரு நீளமா தொங்குதேன்னு சுருட்டி டை போட்டு இறுக்கி வச்சிருந்தேன், பாதி டைவர்சிட்டிய நானே கட்டிப்போட்டிருக்கேன். இப்ப குச்சி மேல நிக்கும், வயரு நேரா கீழ் மாடிக்கு இறங்கும், ஒரு சாண் நீளம் சுருட்டாம விட்ட பெறகுதான் வளைப்பேன். இந்த ஒரு மாத்தத்துக்கே மேடையோட அந்த மூலையில விட்டு விட்டு வந்த சத்தம் நின்னு போச்சு.

அந்த வயரு போய் சேர்ற எடம் ட்ரான்ஸ்ஃபார்மர். பாக்கெட் ரிசீவர்ல இருந்து வர்றது ஹெட்போன் பின்னு, அத அப்படியே நூறடி வயர் இழுத்து மிக்சருக்கு கொண்டு போனா சீரியல் லைட்டு சத்தம், ஜெனரேட்டர் சத்தம் எல்லாம் சேந்து வரும். அது ஏறாம இருக்க சின்ன ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் நாலு வாங்கி கீழ் மாடியில மாட்டி, பொட்டி பக்கவாட்டுல நாலு கேனன் சாக்கெட் வச்சுட்டேன். (கேனன்னா கேமரா கம்பெனின்னு புதுசா வர்ற பசங்க நெனைக்குறானுங்க. அது வேற. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜேம்ஸ் கேனன்னு ஒருத்தரு 1915ல ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க பண்ணுன மூணு பின்னு சாக்கெட்டுதான், இன்னும் அந்தப் பேரு நம்ம வாயில இருக்கு.) இதனால என்ன லாபம்னா பொட்டி மிக்சர் பக்கத்துல இருக்க வேண்டியதே இல்ல. மிக்சர் எங்க வேணா இருக்கட்டும், கூட்டத்துக்கு பின்னாடி கூட இருக்கட்டும், பொட்டி மேடை ஓரத்துல, நடிகருக்கு இருவதடிக்குள்ள. அலை போற தூரம் கம்மி, மீதி தூரம் வயர்ல போகுது, வயரு யாரையும் ஏமாத்தாது.

பேட்டரி கதை ஒண்ணு இருக்கு. எங்க பக்கம் ஸ்பெஷல் நாடகம் ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சா முடியும்போது கோழி கூவிரும். ரெண்டு பென்சில் செல்லு எட்டு மணி நேரம் தாக்குப்புடிக்கும்னு அட்டையில போட்டிருப்பான், புது செல்லுல, நல்ல செல்லுல. உச்சக்கட்டம் வர்றது விடியக்காலம், செல்லு சாகுறதும் விடியக்காலம். அதுனால 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் யூபிஎஸ் பேட்டரி ஒண்ணு, ரெண்டு கிலோவுக்கு மேல வெயிட்டு, கீழ் மாடியில படுக்க வச்சு பெல்ட்டு போட்டேன். கணக்குப்படி 84 வாட் அவர், நாலு ரிசீவரும் சேந்து மூணு வாட்டு குடிக்குது, பாதிக்கு மேல பேட்டரிய எறக்கக்கூடாதுன்னு வச்சா கூட ஒரு ராத்திரி தாராளம். ரிசீவருக்குள்ள கரன்ட் எப்படி குடுக்குறது? பென்சில் செல்லு 14.5 எம்எம் தடிமன், 50.5 எம்எம் நீளம், அதே அளவுக்கு ஆசாரி அண்ணன் தேக்குல உருட்டி குடுத்தாரு, தலையில பித்தளை ஸ்க்ரூ, அதுல வயர பத்த வச்சேன், செல்லு போடுற எடத்துல மரச்செல்லு. பேட்டரி 12 வோல்ட்ட 3 வோல்ட்டா எறக்க சின்ன கன்வெர்ட்டர் போர்டு, எலக்ட்ரானிக் கடையில நூறு ரூவாக்குள்ள கெடைக்கும்.

அந்த போர்டுல ஒரு திருகு இருக்கும், அத திருகி வோல்ட்டு செட் பண்ணிட்டுத்தான் ரிசீவர மாட்டணும். நான் மாட்டிட்டு செட் பண்ணேன். ஒரு ரிசீவர் புகைஞ்சு போச்சு. யார குத்தம் சொல்ல முடியும், என் கைதான். இப்ப ஒவ்வொரு லைனுக்கும் அரை ஆம்பியர் ஃபியூஸ் இருக்கு, பேட்டரி வாயிலயும் ஒண்ணு இருக்கு, ஏன்னா இந்த சைஸ் பேட்டரி ஷார்ட்டானா மரப்பொட்டி பத்திக்கும், பந்தல்ல வேற இருக்கோம்.

சரி பேட்டரி முடிஞ்சுதுன்னு பாத்தா அடுத்த வம்பு. ட்ரான்ஸ்மிட்டர் ஒண்ணையும் ஆன் பண்ணல, ஆனா ரிசீவர் டிஸ்ப்ளேல சிக்னல் கோடு ரெண்டு மூணு காட்டுது. பேயா! அந்த நூறு ரூவா கன்வெர்ட்டர்தான், அது வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆயி வேலை செய்யுற சாமான், அதுல இருந்து கெளம்புற இரைச்சல ரிசீவர் அலைன்னு வாங்கிக்குது. போர்ட கொண்டு போய் ஒரு சின்ன தகர டப்பாவுக்குள்ள போட்டு, டப்பாவ நெகட்டிவோட சேத்து, வெளிய வர்ற வயர்ல இரைச்சல அமுக்குற ஃபெரைட் மணி கோத்து, ரிசீவருக்கு எட்டாத மூலையில வச்சேன். அடங்கிருச்சு. ஏசிபி பொட்டியில என் மானத்த வாங்குன அதே தகடு இங்க உதவிச்சு. இன்னும் ஒண்ணு, நாடகம் நடக்கும்போது பேட்டரிக்கு சார்ஜர் சொருகக்கூடாது, சொருகுனா ங்ங்ங்னு ஒரு ரீங்காரம் வரும். எங்க பையன் ஒருத்தன் போன் சார்ஜ் போடுற நெனப்புல இதையும் சொருகிட்டான், இப்ப சார்ஜர் சாக்கெட் மேல பிளாஸ்திரி ஒட்டி "விடிஞ்ச பெறகு" அப்படின்னு எழுதி வச்சிருக்கேன்.

மெத்தை விசயத்த சுருக்கமா சொல்லிடுறேன். சோபா ஸ்பாஞ்ச் போடாதீங்க, நம்ம ஊர் புழுக்கத்துக்கு ரெண்டு மூணு வருசத்துல கரைஞ்சு ஈர வெல்லம் மாதிரி பிசுபிசுன்னு ரிசீவர் பட்டன் சந்துல எல்லாம் ஏறிரும், நான் பல் குத்துற குச்சி வச்சு சொரண்டியிருக்கேன். ஐசி (எலக்ட்ரானிக் சிப்பு) வச்சு வர்ற கறுப்பு ஃபோமும் வேணாம், அதுல கரி கலந்திருக்கும், மல்டிமீட்டர் வச்சா ஓம் காட்டும், அதுவும் அலைய திங்கும். செருப்பு தைக்குறவங்க வாங்குற இவிஏ ஷீட்டு, 10 எம்எம், வெட்டுறதுக்கு சுளுவு, விலையும் கம்மி. ரிசீவர எலாஸ்டிக் பட்டை போட்டு நிறுத்தியிருக்கேன், கழட்டணும்னா ஒரு கையால உருவிக்கலாம்.

முன்பக்கம் 3 எம்எம் அக்ரிலிக் கதவு, உள்ள லைட்டு, சிக்னல் கோடு எல்லாம் மூடி இருக்கும்போதே தெரியும். காத்து போக கீழயும் பக்கத்துலயும் ஓட்டை. ஓட்டைய சும்மா விட்டா மழைக்கு முந்துன ராத்திரி ஈசல் வந்து கொட்டும் பாருங்க, ஃபோகஸ் லைட்டுக்கு வர்றது எல்லாம் ரிசீவர் லைட்டையும் பாத்து உள்ள வந்துரும், ஒரு தடவை காலையில தெறந்தா ஒரு படி இறக்கை. வலை அடிக்கணும், ஆனா ஜன்னலுக்கு அடிக்குற கம்பி வலை வேணாம், நைலான் கொசுவலை அடிங்க. கம்பி வலைய சுத்திலும் அடிச்சா மறுபடி ஃபாரடே வந்துருவாரு.

பொட்டி அடியில ஒரு சமாச்சாரம் பண்ணியிருக்கேன், அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஸ்பீக்கர் ஸ்டாண்டு பைப்பு 35 எம்எம், அது நுழையுற கப்பு ஒண்ண அடிப்பலகை நடுவுல ஸ்க்ரூ பண்ணிட்டேன். அந்த எடத்துல மட்டும் பிளைவுட் ரெண்டு மடங்கு. இப்ப பொட்டிய ஸ்டாண்டு மேல ஏத்தி ஆறடி ஏழடி உயரத்துல நிறுத்திடலாம். உயரம்தான் பாதி வேலைய பாக்குது. மனுசன் உடம்பு பூரா தண்ணிதான, அலை தண்ணியில மாட்டிக்கும், காலி மண்டபத்துல டெஸ்ட் பண்ணும்போது பிரமாதமா எடுத்த மைக்கு கூட்டம் ஒக்காந்த பெறகு திணறுறது இதனாலதான். இப்ப புதுசா வர்ற குட்டி குட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குக்கு இது இன்னும் மோசம், போதாததுக்கு கூட்டத்துல இருக்குறவங்க பாக்கெட்டுல எல்லாம் ஹாட்ஸ்பாட்டு, வைஃபை, புளூடூத், எல்லாம் அதே பாதையிலதான் ஓடுது. அந்த மைக்கு மட்டம்னு சொல்லல, பேட்டி எடுக்க பக்கத்துல வச்சு பேச நல்ல சாமான், ரெண்டாயிரம் பேரு ஒக்காந்த பொட்டலுக்கு அது வேலைக்கு ஆகாது.

கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கேன், எந்த மைக்கு எந்த ஃப்ரீக்வென்சின்னு. சும்மா வரிசையா சமமா இடைவெளி விட்டு வைக்கக்கூடாது. 606.0ல ஒண்ணு, 606.4ல ஒண்ணு ஓடுனா அது ரெண்டும் கலந்து 605.6லயும் 606.8லயும் கள்ள அலை ஒண்ணு கெளம்பும், நம்ம மூணாவது மைக்க அழகா 606.8ல வச்சிருப்போம். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் நெருங்கி நின்னு டூயட் பாடும்போது மட்டும் பபூன் மைக் கத்துதுன்னா காரணம் இதுதான், ரெண்டு ட்ரான்ஸ்மிட்டரும் ஒட்டி நிக்கும்போது அது ஜாஸ்தி ஆகும். அதே காரணத்துக்கு ட்ரான்ஸ்மிட்டருங்கள இந்தப் பொட்டியில வைக்குறதே இல்ல, அதுக்கு தனி டப்பா, டப்பர்வேர் சாப்பாட்டு டப்பாதான். வேஷம் கலைச்ச நடிகர் ஆஃப் பண்ணாம கொண்டாந்து ரிசீவர் பக்கத்துல வச்சிட்டு போயிருவாரு, காதுகிட்ட வந்து கத்துற மாதிரி, மத்த மூணு ரிசீவரும் செவிடாயிரும்.

செகண்ட் ஹேண்டு வாங்குற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், செட்டுக்கு அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல மெகாஹெர்ட்ஸ பாத்துட்டு வாங்குங்க. 700க்கு மேல இருந்தா யோசிங்க, 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைய 2022 ஏலத்துல செல்போன் கம்பெனி எடுத்துருச்சு, டவர் பக்கத்துல அந்த செட்டு சமாளிக்காது. என்கிட்டயும் ஒண்ணு 740ல இருந்துச்சு. எந்த பொட்டியில வச்சாலும் அதுக்கு விமோசனம் இல்ல, இப்ப பேப்பர் வெயிட்டா இருக்கு.

இவ்வளவு பண்ணுனதுக்கு அப்பறமும் ஒரு கல்யாண மண்டபத்துல மானம் போச்சு சார், அதையும் எழுதிடுறேன், பேரு வேணாம். நலங்குக்கு காலர் மைக், தாலி கட்டும்போது சாஸ்திரிகளுக்கு காலர் மைக். நான் பொட்டிய ஸ்டாண்டுல ஏத்தி மேடை ஓரமா நிறுத்துனேன். மேனேஜர் வந்தாரு, வீடியோவுல அசிங்கமா தெரியுது எடுங்கன்னாரு. சரின்னு ரெண்டடி தள்ளுனேன். அப்பவும் தெரியுதுன்னு எல்ஈடி வாலுக்கு (மேடையில நிக்குற பெரிய வீடியோ திரை) பின்னாடி கொண்டு போய் தரையில வைக்கச் சொல்லிட்டாரு. எல்ஈடி வால் பின்னாடி பூரா இரும்பு ஃப்ரேமு, பவர் சப்ளை, அது கக்குற இரைச்சல் வேற. அது போதாதுன்னு டெக்கரேஷன் பசங்க முன்னாடி ஒரு ஜிகினா திரைய தொங்க விட்டாங்க, ஜிகினான்னா என்ன, பிளாஸ்டிக்ல அலுமினியம் பூசுனதுதான! முகூர்த்த நேரத்துல சாஸ்திரிகள் வாய் அசையுது, சத்தம் கட்டாயி கட்டாயி வருது. பொண்ணோட தாய்மாமன் எல்லாரு முன்னாடியும் என்ன கேட்டாரு, ஏம்ப்பா காசு வாங்கல நீயுன்னு. அவருகிட்ட நின்னு ஃபாரடேய பத்தி பேச முடியுமா. தலைய குனிஞ்சுக்கிட்டு வயர் மைக்க எடுத்துட்டு ஓடுனேன்.

அதனால அந்த அன்பருக்கும், விழா கமிட்டிக்காரங்களுக்கும், மண்டபத்துக்காரங்களுக்கும் நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. மேடை ஓரத்துல ரெண்டடிக்கு ரெண்டடி எடம் குடுங்க, பொட்டிக்கும் நடிகருக்கும் நடுவுல தகரமோ ஜிகினாவோ ஆள் கூட்டமோ வராம பாத்துக்கங்க. அசிங்கமா தெரியுதுன்னா ஒரு துணிய போத்திக்கலாம், பட்டு வேட்டியே போத்தினாலும் எனக்கு சம்மதம் (ஜரிகை மட்டும் கம்மியா இருக்கட்டும்). எங்க தொழில் ஆளுங்ககிட்ட கேக்குறது, அடுத்த மைக்கு வாங்கற காசுல ஒரு தடவ பொட்டிய கட்டிப் பாருங்க. எனக்கு ஆனது ஆசாரி கூலி, அக்ரிலிக், பேட்டரி, ட்ரான்ஸ்ஃபார்மர், சாக்கெட்டு எல்லாம் சேத்து ஆறாயிரத்து சொச்சம், புகைஞ்ச ரிசீவர் தனி. கட்டி முடிச்சதும் குடோன்ல டெஸ்ட் பண்ணிட்டு தூங்கிராதீங்க. மூடிய சாத்திட்டு, ட்ரான்ஸ்மிட்டர இடுப்புல கட்டிக்கிட்டு, முதுக பொட்டிக்கு காட்டி நடந்துக்கிட்டே ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிட்டு போங்க, இன்னொரு ஆளு ஹெட்போன்ல கேக்கட்டும், எந்த நம்பர்ல விட்டுப்போகுதோ அதுதான் உங்க எல்லை. உள்ள செல்போன வச்சு ரிங் போகுதான்னு பாக்குறது எல்லாம் டெஸ்ட்டே இல்ல, டவர் பக்கத்துல இருந்தா கெட்டியான தகர டப்பாவுக்குள்ளயும் போன் அடிக்கும்.

பனி ராத்திரி முடிஞ்சு காலையில பொட்டிய உடனே மூடி வண்டியில ஏத்தாதீங்க, நிழல்ல அரை மணி நேரம் தெறந்து வைங்க, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போடுங்க. என் பொட்டி டிவிஎஸ் எக்ஸெல் முன்னாடி காலுக்கு நடுவுல குறுக்க வச்சா ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்குது, அதுக்கு ஒரு வழி பண்ணணும்.

இந்த மாசம் பாக்க வந்த நாடக ஏஜென்ட் நாரதருக்கும் தனியா ஒரு காலர் மைக் வேணும்னுட்டாரு. பொட்டியில நாலு எடம்தான் இருக்கு. அஞ்சாவதுக்கு இன்னும் 13 சென்டிமீட்டர் வேணும், வியாழக்கிழமை ஆசாரி அண்ணன வரச் சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
மைக்செட்காரன்,
புதுக்கோட்டை மாவட்டம்.